மார்பளவு

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு
ஈசூன் நீச்சல் குளத்தில்
என் எடையைக் கழற்றி வைக்கிறேன்.
செருப்பைக் கழற்றுவது போல என்று சொல்லலாம்,
ஆனால் செருப்புக்குக் குனியத்தான் முடியவில்லையே.
மேம்பாலப் படிகளைக் கண்டால்
சிவப்பு விளக்கைக் கண்ட மாதிரி நின்றுவிடுகிறேன்.

பாலிகிளினிக்கில் படத்தைத் திரையில் போட்டார்கள்.
இடது முட்டி. பழைய பஸ்களின் கிளட்ச் தின்ற மிச்சம்.
எலும்பு எலும்பை உரசி நின்றது,
நடுவில் ஒரு டிக்கெட் செருக இடமில்லை.
எனக்குப் பழகிய காட்சிதான்.
சாயங்காலம் ஆறரை மணிக் கூட்டத்தை
முப்பத்தோரு வருஷம் கண்ணாடியில் பார்த்தவன்.
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று
நாலு மொழியில் சொல்லியிருக்கிறேன்.
யாரும் போனதில்லை.

டாக்டர் சின்னப் பெண்.
முதலில் மாத்திரை எழுதினார்.
பிறகு தண்ணீர் எழுதினார்,
வாரம் இரண்டு வேளை.

நீச்சல் கால்சட்டையை விரித்துப் பார்த்த கோமளா
"இதோட லிப்ட்ல ஏறாதீங்க,
மூணாவது மாடி மிசஸ் சியோ பார்த்துடப் போறா" என்றாள்.
மிசஸ் சியோ எனக்கு முன்பே குளத்தில் நின்றிருந்தாள்,
பூப்போட்ட தொப்பியோடும்
என்னைவிட ஒரு முட்டி அதிகமான வலியோடும்.

கம்பியைப் பிடித்துச் சரிவில் இறங்குகிறோம், எட்டுப் பேர்.
கணுக்கால் வரை நான் என் வயசு.
இடுப்பு நனையும்போது நாற்பத்தைந்து.
மார்பளவு வந்துவிட்டால்
மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் காலுக்கு,
மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்
என்கிறாள் கரையில் நிற்கும் ரோஸ்னானி.
பார்த்துக்கொள்கிறது.
பெயர் கேட்கவில்லை, ஐசி கேட்கவில்லை.

முன்னால் நட. பின்னால் நட.
கண்ணாடி இல்லாமல் ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லை,
அஞ்சுகத்தின் மேல் மோதினேன்.
"ஒங்களுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா?"
முழுக்கையும் கழுத்து வரை துணியுமாக வந்தவள்,
மஞ்சள் கயிறு மட்டும் வெளியே வந்து
அவளுக்கு முன்னால் மிதந்து போனது.

காலைப் பக்கவாட்டில் தூக்கு. இறக்கு.
வேகமாகத் தள்ளினால் தண்ணீரும் வேகமாகத் தடுக்கிறது.
மெல்லத் தள்ளினால் ஒதுங்குகிறது.
இவ்வளவு நியாயமான சாலையில்
ஒருநாளும் நான் வண்டி ஓட்டியதில்லை.

பத்தொன்பது எண்ணும்போது முட்டி சுருக்கென்றது.
"மழை" என்றேன்.
வெயில் கண்ணைக் கூசியது. ரோஸ்னானி சிரித்தாள்.
ஆறு நிமிஷத்தில் சைரன்:
மின்னல் எச்சரிக்கை, எல்லாரும் மேலே.

மேலே வருவதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.
சரிவில் ஒவ்வோர் அடிக்கும்
ஒரு பயணி ஏறுகிறார்.
இடுப்பு வெளியே வரும்போது உட்கார இடமில்லை.
தொடையில், நிற்க இடமில்லை.
கணுக்கால் தரை தொட்டதும்
கதவு மூடவில்லை, இன்னும் ஏறுகிறார்கள்,
கைப்பையோடு, அரிசி மூட்டையோடு.

பெஞ்சில் வரிசையாகப் பதினாறு முட்டிகள்.
துண்டு போர்த்தி, ஒன்றை ஒன்று பார்த்தபடி.
திரு கோ தன் மாற்று முட்டியை
விரல் மடக்கித் தட்டிக் காட்டினார்.
காது கொடுத்துக் கேட்டுவிட்டு
"உள்ளே ஆள் இல்லை" என்றார் மலாயில்.
மிசஸ் சியோ பார்லித் தண்ணீரை
மூடியில் ஊற்றி நீட்டினாள்.
இருபது வருஷம் அதே லிப்டில்
எண்களை அண்ணாந்து பார்த்தபடி போனவர்கள் நாங்கள்.

மழை குளத்தில் விழுந்தது.
சற்று முன் நாங்கள் நின்ற இடத்தில்
முட்டி வலியில்லாமல் குதித்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், எப்போ நிக்கும்?"
இப்போது ரோஸ்னானி சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.
முட்டி மேல் உள்ளங்கையை வைத்து யோசித்தேன்.
"இன்னும் இருபது நிமிஷம்."

சும்மா சொன்னதுதான்.
வருவது தெரியும் இதற்கு,
நிற்பது தெரியாது.

ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.